தரைவழி டிஜிட்டல் டிவி: வட்டாரக் கோபுரத்தின் சிக்னலைச் சரியாகப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

கேபிள் இணைப்பு வேண்டாம், கூரையில் டிஷ் வேண்டாம், இணைய வேகமும் ஒரு பொருட்டில்லை. ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து காற்றில் வரும் சிக்னலை ஆன்டெனா பிடிக்கிறது, டிவிக்குள் இருக்கும் டியூனர் அதைப் படமாக மாற்றுகிறது. தரைவழி டிஜிட்டல் டிவி என்பது அவ்வளவுதான். ஆனால் ஆன்டெனாவை மாட்டியபின் ஏழெட்டு சேனல் மட்டும் வருவதும், அதில் இரண்டு மூன்று கட்டம் கட்டமாக உடைவதும், மழை வந்தால் அதுவும் நின்றுபோவதும் பல வீடுகளில் நடக்கிற கதை. அந்த நேரத்தில் எல்லோரும் முதலில் தேடிப்போவது பூஸ்டர், அதாவது சிக்னலைப் பெருக்கும் கருவி. வரிசைப்படி பார்த்தால் அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள், பல வீடுகளுக்குத் தேவையே இல்லாத பொருளும்கூட. அதனால் இந்த வழிகாட்டியும் சிக்னல் வரும் வழியிலேயே நடக்கிறது: முதலில் கோபுரம், அப்புறம் ஆன்டெனா, கேபிள், டிவி. பூஸ்டர் கடைசியில்தான்.

அனலாக் காலத்துப் பழக்கம் இங்கே உதவாது

பழைய அனலாக் டிவியில் சிக்னல் குறையக் குறையப் படம் மெல்ல மெல்லப் புள்ளி புள்ளியாக மாறும். அதைப் பார்த்தே ஆன்டெனாவைத் திருப்பிவிடலாம். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் (சிக்னலோடு கலந்துவரும் வேண்டாத மின் அலைகள்) உள்ள இடைவெளி ஓர் எல்லைக்கு மேல் இருந்தால் படம் முழுத் தெளிவு. எல்லைக்குக் கீழே ஒரு டெசிபெல் (சிக்னல் அளவை ஒப்பிடும் அலகு) இறங்கினால் படம் உடையும், இன்னும் கொஞ்சம் இறங்கினால் திரை வெறுமை. அந்த எல்லை அமெரிக்காவின் ஏடிஎஸ்சி ஒளிபரப்பு முறையில் சுமார் 15 டெசிபெல். ஐரோப்பாவின் டிவிபி முறையில் ஒளிபரப்பாளர் தேர்ந்தெடுத்த அமைப்பைப் பொறுத்து மாறும், பல நாடுகளில் 20 டெசிபெல்லை ஒட்டி இருக்கும்.

இதனால் வரும் சிக்கல் என்னவென்றால், படம் பளிச்சென்று இருக்கிறது என்பதை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. எல்லைக்கு அரை டெசிபெல் மேலே நின்றுகொண்டிருந்தாலும் படம் பளிச்சென்றுதான் இருக்கும். அடுத்த நாள் எதிர்வீட்டு மரத்தின் இலை நனைந்தால் போய்விடும். எனவே இன்றைக்குப் படம் வந்தால் போதும் என்று நிறுத்தக் கூடாது. எல்லைக்கு மேலே ஐந்தாறு டெசிபெல்லாவது இருப்பு வைத்திருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த இருப்பைச் சேர்க்கத்தான்.

டிவியின் மெனுவில் பொதுவாக இரண்டு பட்டைகள் தெரியும்: பலம், தரம். பலம் என்பது டியூனருக்கு வந்து சேரும் மொத்த ஆற்றல், இரைச்சலும் அதில் சேர்த்தி. தரம் என்பது பிழையில்லாமல் எவ்வளவு தரவு வருகிறது என்பதன் அளவு. பலம் 90 சதவீதம், தரம் 20 சதவீதம் என்று காட்டினால் உங்களுக்குச் சிக்னல் பற்றாக்குறை இல்லை, வேறு ஏதோ கெடுக்கிறது என்று பொருள். கண் வைக்க வேண்டியது தரத்தின் மேல். இந்தச் சதவீதங்கள் டிவிக்கு டிவி மாறும், ஒரு டிவியின் 70-ஐ இன்னொன்றின் 70-உடன் ஒப்பிட முடியாது. ஒரே டிவியில் முன்பும் பின்பும் பார்க்க மட்டுமே உதவும்.

டிவிக்கு உங்கள் நாட்டு முறை புரிகிறதா?

எந்த ஆன்டெனாவையும் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். உலகத்தில் தரைவழி டிஜிட்டலுக்கு ஒரே முறை கிடையாது. ஐரோப்பா முழுக்க டிவிபி-டி அல்லது அதன் அடுத்த தலைமுறையான டிவிபி-டி2. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து ஆகியவை டிவிபி-டி2, இந்தியாவில் தூர்தர்ஷன் எடுத்துக்கொண்டதும் அதுவே. ஆஸ்திரேலியா டிவிபி-டி. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, தென்கொரியா ஏடிஎஸ்சி குடும்பம். ஜப்பான், பிலிப்பைன்ஸ், பிரேசில் தொடங்கித் தென் அமெரிக்காவின் பெரும்பகுதி ஐஎஸ்டிபி-டி. சீனா டிடிஎம்பி.

முறை சரியாக இருந்தால் மட்டும் போதாது. டிவிபி-டி மட்டும் தெரிந்த பழைய டிவி டிவிபி-டி2 சிக்னலைப் பார்த்தால் அங்கே எதுவுமே இல்லை என்றுதான் சொல்லும். அதற்கு மேல் படத்தைச் சுருக்கும் முறையும் ஒத்துப்போக வேண்டும். ஜெர்மனி 2017 மார்ச்சில் டிவிபி-டி2-க்கு மாறியபோது ஹெச்இவிசி என்ற சுருக்க முறையையும் சேர்த்தே கொண்டுவந்தது. அது தெரியாத டிவியில் சேனல் பெயர் வரலாம், படம் வராது. வேறு நாட்டிலிருந்து கொண்டுவந்த டிவி, பழைய டிவி எதுவாக இருந்தாலும் கையேட்டில் டியூனர் என்ற தலைப்பைப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் டிவியை மாற்ற வேண்டியதில்லை. அந்த நாட்டு முறைக்கான ஒரு செட்டாப் பாக்ஸ் போதும்.

எந்தக் கோபுரம்?

இந்தக் கேள்வியில் செலவழிக்கும் அரைமணி நேரம் பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். பெரும்பாலான நாடுகளில் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்போ, தரைவழிச் சேவையை நடத்தும் நிறுவனமோ முகவரியைக் கொடுத்தால் கோபுரங்களைக் காட்டும் வரைபடம் வைத்திருக்கும். அமெரிக்காவில் அந்த ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி அப்படி ஒன்றை நடத்துகிறது. அதிலிருந்து ஐந்து விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோபுரத்தின் தொலைவு, வடக்கிலிருந்து அதன் திசைக் கோணம், அது பயன்படுத்தும் அதிர்வெண்கள், அலையின் நிலை படுக்கையா செங்குத்தா என்பது, அது எத்தனை மல்டிபிளெக்ஸ்களைச் சுமக்கிறது என்பது.

கடைசி விவரம் பலருக்குப் புதிதாக இருக்கலாம். டிஜிட்டலில் ஒரு அதிர்வெண்ணில் ஒரு சேனல் என்ற கணக்கு இல்லை. ஐந்து, பத்து, சில சமயம் அதற்கு மேலும் சேனல்களை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு அதிர்வெண்ணில் அனுப்புகிறார்கள். அந்த மூட்டைதான் மல்டிபிளெக்ஸ். ஒரு சேனல் வராமல் போனால் அதனுடன் பயணிக்கும் எல்லாச் சேனல்களும் சேர்ந்தே போகும். கோளாறு தேடும்போது இது மிக உதவும் தடயம்.

பக்கத்தில் இருக்கும் கோபுரம்தான் சிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளத்தாக்குகளுக்கும் மலை மறைவுகளுக்கும் வைக்கும் சிறிய துணைக் கோபுரங்கள் எல்லா மல்டிபிளெக்ஸையும் சுமப்பதில்லை. பிரிட்டனில் பல துணைக் கோபுரங்கள் பொதுச்சேவைக்கான மூன்றை மட்டுமே தருகின்றன, வணிகச் சேனல்களுக்கு முதன்மைக் கோபுரத்தைத்தான் நம்ப வேண்டும். 5 கிலோமீட்டரில் இருக்கும் துணைக் கோபுரத்தை விட்டுவிட்டு 40 கிலோமீட்டரில் இருக்கும் பெரிய கோபுரத்தைப் பிடிப்பது பல இடங்களில் நல்ல முடிவு. அதேபோல் இரண்டு வட்டாரங்களின் எல்லையில் குடியிருந்தால் எந்தப் பக்கத்துச் செய்தி வேண்டும் என்பதை வைத்தும் கோபுரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொரு பொறி: திரையில் தெரியும் சேனல் எண்ணும் காற்றில் வரும் சேனல் எண்ணும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 7.1 என்று திரையில் தெரியும் நிலையம் உண்மையில் யுஎச்எஃப் (டிவிக்கான உயர் அதிர்வெண் வரிசை) சேனல் 30-இல் ஒளிபரப்பிக்கொண்டிருக்கலாம். ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்க இந்த உண்மையான எண்தான் வேண்டும். ஐரோப்பாவில் கணக்கு எளிது. யுஎச்எஃப் சேனல் 21-இன் மைய அதிர்வெண் 474 மெகாஹெர்ட்ஸ், அடுத்தடுத்த ஒவ்வொரு சேனலுக்கும் 8 கூட்டினால் போதும். சேனல் 36 என்றால் 594, சேனல் 48 என்றால் 690.

சிக்னல் உங்கள் கூரை வரை வருமா?

இந்த அதிர்வெண்களில் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், காற்று மண்டலம் அதைச் சிறிது வளைப்பதால் கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எட்டும். தோராயக் கணக்கு இது: கோபுர உயரத்தின் வர்க்கமூலத்தையும் உங்கள் ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தையும் மீட்டரில் எடுத்துக் கூட்டி 4.12-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது கிலோமீட்டர். கோபுரம் 300 மீட்டர், ஆன்டெனா 10 மீட்டர் என்றால் சுமார் 84 கிலோமீட்டர். ஆன்டெனாவை 5 மீட்டருக்கு இறக்கினால் 81 ஆகிறது. தொலைவைப் பொறுத்தவரை கோபுரத்தின் உயரம்தான் ராஜா. உங்கள் கம்பத்தின் உயரம் பயன்படுவது வேறு காரணத்துக்காக: பக்கத்து வீட்டுக் கூரை, மரம், சுவர் ஆகியவற்றுக்கு மேலே போவதற்கு.

இது நடுவில் மலை இல்லாத சமவெளிக்கான கணக்கு. நடுவில் மேடு இருந்தால் அலை அதன் விளிம்பில் வளைந்து இறங்கும், ஆனால் வலுவிழந்து. அதிர்வெண் குறைந்த அலை இப்படி வளைவதில் கெட்டிக்காரன் என்பதால் மலைப்பகுதிகளில் விஎச்எஃப் (யுஎச்எஃப்-ஐவிடக் குறைந்த அதிர்வெண் வரிசை) சேனல் வந்து யுஎச்எஃப் சேனல் வராமல் போவதுண்டு.

ஆன்டெனாவைத் தேர்ந்தெடுப்பது

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். டிஜிட்டல் ஆன்டெனா, எச்டி ஆன்டெனா, 4கே ஆன்டெனா என்றெல்லாம் தனியாக எதுவும் கிடையாது. ஆன்டெனா உலோகத் துண்டு, அதற்கு அலை தெரியும், படத்தின் தெளிவு தெரியாது. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் கிலோமீட்டர் கணக்கையும் கண்டுகொள்ள வேண்டாம். பார்க்க வேண்டியவை இரண்டுதான்: எந்த அதிர்வெண்களுக்கு வடிவமைத்தது, அந்த அதிர்வெண்களில் எவ்வளவு கெயின், அதாவது தான் பார்க்கும் திசையின் சிக்னலைக் கூட்டிப் பிடிக்கும் திறன்.

நீண்ட கம்பியில் குறுக்குக் குச்சிகள் வரிசையாக இருக்கும் யாகி ஆன்டெனாவைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உதாவும் ஹிதெத்சுகு யாகியும் 1926-இல் வெளியிட்ட வடிவம் அது. ஒரு நூற்றாண்டு ஆகியும் கூரைகளில் அதுதான் நிற்கிறது. கெயின் அதிகம், பிடிக்கும் கோணம் குறுகல், அதனால் தொலைதூரத்துக்கு ஏற்றது. லாக் பீரியாடிக் என்பது முக்கோணமாக ஒடுங்கும் வடிவம். கெயின் யாகியைவிடக் குறைவு, ஆனால் எல்லா அதிர்வெண்களிலும் ஏறக்குறைய சமமாகப் பிடிக்கும், பின்பக்கத்திலிருந்து வரும் குப்பையையும் நன்றாகத் தள்ளும். கோபுரம் மிதமான தொலைவில் இருந்தால் நான் சொல்வது லாக் பீரியாடிக்கைத்தான். பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் தொந்தரவு தராது.

பழைய யாகி கூரையில் ஏற்கெனவே இருக்கிறது என்றால் அதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் டிவிக்கான யுஎச்எஃப் அதிர்வெண் பட்டை 862 மெகாஹெர்ட்ஸ் வரை நீண்டிருந்தது. அந்தப் பட்டை முழுவதுக்கும் செய்த அகலப்பட்டை யாகிகளின் கெயின் மேல்முனையில் உச்சமாகவும் கீழ்முனையில் மிகக் குறைவாகவும் இருக்கும். இப்போது 694-க்கு மேலுள்ள பகுதி முழுக்கக் கைபேசிச் சேவைக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் 608 மெகாஹெர்ட்ஸோடு, அதாவது சேனல் 36-ஓடு டிவி முடிந்துவிடுகிறது. விளைவு, அந்தப் பழைய ஆன்டெனா டிவி இல்லாத பகுதியை வலுவாகவும் டிவி இருக்கும் பகுதியைச் சுமாராகவும் பிடிக்கும். பக்கத்துக் கைபேசிக் கோபுரத்தின் 4ஜி, 5ஜி சிக்னலை ஆசையோடு உள்ளே இழுத்துவரும் வேலையையும் அதுவே செய்யும்.

விஎச்எஃப் சேனல்கள் புழக்கத்தில் இருக்கும் நாடுகளில், முக்கியமாக அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும், இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அரை அலைநீளம் 500 மெகாஹெர்ட்ஸில் 30 சென்டிமீட்டர், 195 மெகாஹெர்ட்ஸில் சுமார் 77 சென்டிமீட்டர். சுவரில் ஒட்டும் மெல்லிய தகடு ஆன்டெனா யுஎச்எஃப்-ஐ ஓரளவு பிடித்து விஎச்எஃப்-இல் திணறுவது இதனால்தான். உங்கள் பட்டியலில் விஎச்எஃப் சேனல் இருந்தால் நீளமான குச்சிகள் உள்ள ஆன்டெனாவே வேண்டும்.

எங்கே நிறுத்துவது

கூரைக்கு மேலே, கோபுரத் திசையில் மறைப்பில்லாத இடம். இதற்கு அடுத்தது கூரைக்கு உள்ளே, அதற்கும் அடுத்தது ஜன்னல் ஓரம். வீட்டுக்குள் வைத்தால் கம்பி பின்னிய கான்கிரீட், உலோகப் பூச்சுள்ள கண்ணாடி, அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பக் காப்பு ஆகியவை சிக்னலை விழுங்கிவிடும். உலோகப் பூச்சுக் கண்ணாடி ஜன்னலில் ஆன்டெனாவை ஒட்டிவிட்டு வெளியே வானம் தெரிகிறதே என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் சுருக்கமாகவும் கறாராகவும் சொல்லிவிடுகிறேன். கம்பம் சரிந்தால் எட்டும் தூரத்தில் மின்கம்பி இருக்கவே கூடாது. ஏணியைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். மேகம் கருத்தால் இறங்கிவிடுங்கள். உலோகக் கம்பத்தையும் கேபிளின் வெளிக் கவசத்தையும் உங்கள் நாட்டு மின் விதிப்படி நிலத்தொடர்பு செய்ய வேண்டும், அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் நல்லது.

அலையின் நிலையை மறந்துவிடாதீர்கள். கோபுரம் படுக்கைவாட்டில் அனுப்பினால் ஆன்டெனாவின் குச்சிகள் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், செங்குத்தாக அனுப்பினால் குச்சிகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். மாற்றி வைத்தால் 20 டெசிபெல் வரை போய்விடும், அதாவது ஆற்றலில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். பிரிட்டனைப் போல முதன்மைக் கோபுரம் படுக்கையாகவும் துணைக் கோபுரங்கள் பெரும்பாலும் செங்குத்தாகவும் அனுப்பும் நாடுகளில், வேண்டாத கோபுரத்தைத் தள்ளி வைக்க இதே வேறுபாடு உங்களுக்கு உதவியாகவும் இருக்கும்.

கேபிளும் முனையும்

75 ஓம் கோஆக்சியல் கேபிள், ஆர்ஜி-6 வகை. டிவி அதிர்வெண்களில் 100 மீட்டருக்குச் சுமார் 16 டெசிபெல் இழக்கும். 20 மீட்டர் ஓட்டினால் 3 டெசிபெல், அதாவது பிடித்த ஆற்றலில் பாதி. எனவே குறுக்குவழியில் கொண்டுவாருங்கள், மிஞ்சிய கேபிளைச் சுருட்டி வைக்காமல் வெட்டிவிடுங்கள்.

கோளாறு ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் கேபிளின் முனைதான். எஃப் கனெக்டர் மாட்டும்போது வெளிப்புறப் பிளாஸ்டிக் உறையை ஒன்றரை சென்டிமீட்டர் உரித்து, அதன் கீழுள்ள பின்னல் கம்பிகளைப் பின்னோக்கி உறையின் மேல் மடியுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைக் காப்பை வெட்டும்போது நடுக்கம்பியில் கத்தி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் நாளைக்கு ஒடியும். பிறகு விரல்நுனியால் காப்பின் விளிம்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள். பின்னலின் முடி போன்ற ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் சிக்னல் குறுக்குச் சுற்றாகிவிடும், பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். கனெக்டரை இறுக்கியபின் நடுக்கம்பி அதன் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெளியே இருக்கும் முனைகளுக்குத் தண்ணீர் புகாத ரப்பர் உறை, சுயமாக ஒட்டிக்கொள்ளும் டேப் ஏதாவது ஒன்று அவசியம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிளுக்குள் ஒருமுறை தண்ணீர் ஏறிவிட்டால் காய வைத்தெல்லாம் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

திருப்புவதும் தேடுவதும்

காந்த ஊசி உலோகக் கம்பத்தின் பக்கத்தில் பொய் சொல்லும், அதனால் சில அடி தள்ளி நின்று பாருங்கள். காந்த வடக்கும் உண்மை வடக்கும் சில இடங்களில் பத்து பாகைக்கு மேல் வேறுபடும் என்பதால் வரைபடம் எந்த வடக்கைச் சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எளிய வழி, கைபேசி வரைபடத்தில் வீட்டிலிருந்து கோபுரத்துக்கு ஒரு கோடு போட்டு, அது கடக்கும் கண்ணுக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தை அடையாளமாக வைத்துக்கொள்வது. அக்கம்பக்கத்து ஆன்டெனாக்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதும் நல்ல குறிப்பு. டிஷ்கள் அல்ல, அவை செயற்கைக்கோளைப் பார்க்கின்றன.

ஆன்டெனாவின் ஒடுங்கிய முனை கோபுரத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் மேலே, ஒருவர் டிவி முன்னால், இருவர் காதிலும் கைபேசி. டிவியில் தானியங்கித் தேடலை ஓட்டாமல், கைமுறைத் தேடலுக்குப் போய்க் குறித்துவைத்த அதிர்வெண்களில் ஒன்றை அமைத்து, தரப் பட்டையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர் ஐந்து பாகை திருப்பி, கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். டியூனர் கணக்குப் போட்டுக் காட்ட இரண்டு மூன்று விநாடி ஆகும், இதை மறந்து சரசரவென்று திருப்பினால் நல்ல இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். உச்சத்தைக் கண்ட இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு பக்கமும் திருப்பித் தரம் விழத் தொடங்கும் கோணங்களைப் பார்த்து அவற்றின் நடுவில் நிறுத்துங்கள்.

அப்புறம் உயரம். அலைநீளமே அரை மீட்டர் அளவுதான் என்பதால், நேராக வரும் அலையும் கூரையில் பட்டுத் தெறிக்கும் அலையும் ஓரிடத்தில் கூடும், இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். கம்பத்தை ஒரு மீட்டர் ஏற்றி இறக்கினால் போன மல்டிபிளெக்ஸ் திரும்பி வருவதுண்டு. உயரம் கூடினால் எப்போதும் நல்லது என்றில்லை, சில கூரைகளில் அரை மீட்டர் இறக்குவதுதான் வேலை செய்யும். எல்லா அதிர்வெண்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மிகப் பலமான ஒன்றுக்காக அல்ல, மிகப் பலவீனமான ஒன்றுக்காகத் திருப்ப வேண்டும். பலமானது எப்படியும் வரும்.

இடத்தை உறுதி செய்தபின்தான் முழுத் தேடல். இரண்டு வட்டாரக் கோபுரங்கள் எட்டும் இடமென்றால் டிவி முதலில் கண்டதையே பிடித்துக்கொள்ளும், உங்கள் வட்டாரச் சேனல்களைப் பட்டியலின் கடைசியில் 800-க்கு மேல் தள்ளிவிடவும் கூடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கேபிளைக் கழற்றிவிட்டு ஒருமுறை வெறும் தேடல் ஓட்டுங்கள், பழைய பட்டியல் அழியும். கேபிளை மாட்டி, உங்கள் கோபுரத்தின் அதிர்வெண்களை மட்டும் கைமுறையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சலிப்பான வேலை, ஆனால் ஒருமுறைதான்.

பூஸ்டர், ஸ்ப்ளிட்டர், ஃபில்டர்

பூஸ்டர் எப்போது தேவை? நல்ல ஆன்டெனா, நல்ல இடம், நல்ல கேபிள் மூன்றும் இருந்தும் கேபிள் நீளத்தாலோ பல டிவிகளுக்குப் பிரிப்பதாலோ இழப்பு ஏற்படும்போது. இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு வழியிலும் 3.5 முதல் 4 டெசிபெல் எடுத்துக்கொள்ளும், நான்காகப் பிரித்தால் 7 முதல் 8. அதை ஈடுகட்டுவதுதான் பூஸ்டரின் வேலை. ஆன்டெனாவே பிடிக்காத சிக்னலை அது உருவாக்காது. சந்தடியான கூடத்தில் மெதுவாகப் பேசுபவர் முன் மைக் வைத்தால் சந்தடியும் சேர்ந்தே பெரிதாகும், பூஸ்டரும் அப்படித்தான்.

அதனால் பூஸ்டரைக் கம்பத்தின் மேலே, ஆன்டெனாவை ஒட்டி வைக்க வேண்டும். கேபிளில் இழந்தபின் டிவிக்குப் பின்னால் பெருக்கினால் இரைச்சல் இடைவெளி ஏற்கெனவே சுருங்கிவிட்டிருக்கும். கம்பத்து பூஸ்டருக்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் மேலே போகும், எனவே நடுவில் ஸ்ப்ளிட்டர் இருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும் வகையாக இருக்க வேண்டும். சில செட்டாப் பாக்ஸ்களில் ஆன்டெனாவுக்கு 5 வோல்ட் அனுப்பும் அமைப்பு உண்டு, பூஸ்டர் இல்லாத சாதாரண ஆன்டெனாவுக்கு அதை அணைத்தே வையுங்கள்.

கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை தலைகீழ். சிக்னல் அளவுக்கு மீறினால் டியூனர் திணறிப் படம் உடையும். இங்கே பூஸ்டரைக் கழற்றுவதும், தேவைப்பட்டால் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரை மாட்டுவதும்தான் மருந்து. கைபேசிக் கோபுரத்தின் தொல்லை என்றால் 4ஜி, 5ஜி ஃபில்டர், அதையும் பூஸ்டருக்கு முன்னால்தான் மாட்ட வேண்டும். பூஸ்டர் திணறியபின் ஃபில்டர் போட்டுப் பயனில்லை.

இரண்டு திசைக் கோபுரங்களுக்கு இரண்டு ஆன்டெனா வைத்து, ஸ்ப்ளிட்டரைத் தலைகீழாகப் போட்டு இணைப்பதைப் பலர் செய்கிறார்கள். ஒரே சிக்னல் இரண்டு ஆன்டெனாவிலும் ஏறி ஒன்றையொன்று கெடுக்க நல்ல வாய்ப்பு. அதிர்வெண் பிரித்து இணைக்கும் கம்பைனர், அல்லது தனித்தனிக் கேபிள், இரண்டில் ஒன்று போங்கள்.

வந்துகொண்டிருந்தது நின்றால்

வேலை முடிந்த அன்றே ஒவ்வொரு மல்டிபிளெக்ஸின் பலத்தையும் தரத்தையும் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கோளாறு வரும்போது ஒப்பிட இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

எல்லாம் ஒரேயடியாகப் போனால் கேபிள், முனை, பூஸ்டரின் மின் இணைப்பு என்று கீழிருந்து மேலே பாருங்கள். ஒரு மல்டிபிளெக்ஸ் மட்டும் போனால் ஒளிபரப்பாளர் அதிர்வெண்ணை மாற்றியிருக்கிறாரா, கோபுரத்தில் பராமரிப்பு வேலையா என்று விசாரியுங்கள். மழையில் மட்டும் போனால் முனையில் தண்ணீர், அல்லது நடுவில் மரம். காற்றடிக்கும்போது மட்டும் உடைந்தால் ஆடும் மரம், தளர்ந்த கம்பம். குறிப்பிட்ட விளக்கைப் போட்டால் உடைகிறது என்றால் அந்த எல்இடி விளக்கின் மின்சுற்றுதான் இரைச்சலைக் கிளப்புகிறது, விளக்கை மாற்றிப் பாருங்கள். ஒரு யுஎஸ்பி டிரைவையோ எச்டிஎம்ஐ கேபிளையோ கழற்றியதும் சரியாகிறது என்றால் கவசம் சரியில்லாத அந்த வயரை ஆன்டெனா கேபிளிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஒன்று மட்டும் உங்கள் கையில் இல்லை. காற்றழுத்தம் உயர்ந்து, அசைவில்லாமல் தெளிந்திருக்கும் நாட்களில் வெப்பக் காற்று குளிர்காற்றின் மேல் படிந்து அலைகளை வெகுதூரம் வழிநடத்தும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அதே அதிர்வெண்ணில் ஒளிபரப்பும் வேறொரு கோபுரம் உங்கள் ஆன்டெனாவுக்குள் வந்து விழும். பலப் பட்டை உச்சத்தில் இருக்க, தரம் மட்டும் தரையைத் தொடும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வானிலை மாறியதும் தானாகச் சரியாகிவிடும். அதுவரை மறுதேடல் மட்டும் ஓட்டாதீர்கள், ஓட்டினால் அந்த நேரத்தில் வராத சேனல்கள் பட்டியலிலிருந்தே அழிந்துபோகும்.